படுக்கவைத்த ஏணி

பெரியம்மா கண்ணாடிமேல் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டார்.

மும்பை மலபார் ஹில் மரப்பாதையில் ஓரிடத்தில் பலகை முடிந்து கண்ணாடித் தளம் வருகிறது. குனிந்தால் சரிவு, சருகு, ஏதோ ஒரு மரத்தின் பிடரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கூட்டம் முழுக்க அந்தக் கண்ணாடியைச் சுற்றித்தான். கல்லூரிப் பெண்கள் நாலு பேர் அதன்மேல் சம்மணம் போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா செருப்பைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் கைப்பிடிக் கம்பியைப் பற்றி நின்றார்.

"ஏல, கண்ணாடி மேல யாராச்சும் நடப்பாவளா?"

"உடையாது பெரியம்மா. அதுக்குன்னே செஞ்சது."

"நீ போ. நான் இங்ஙனயே நின்னுக்கிடுதேன்."

நின்றவர் கீழே பார்க்கவில்லை. நேரே பார்த்தார். கம்பிக்கு வெளியே கை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில் ஒரு நாவல் மரத்தின் உச்சி. நுனிக் கொழுந்து செம்பு நிறத்தில் இருந்தது. அதற்குக் கீழே இலை, இலைக்குள் கொத்துக்கொத்தாகக் காய், கொஞ்சம் பழம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மரத்தோட மண்டைய இப்பத்தாம்ல மொதமொதல்ல பாக்கேன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். பெரியம்மா பிறந்தது காக்காச்சியில். மணிமுத்தாறு அணைக்கு மேலே, மாஞ்சோலையைத் தாண்டி, 1,200 மீட்டர் உயரத்துக்கு மேல் இருந்த தேயிலைத் தோட்டம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு அந்தக் காட்டை எடுத்தது பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். கம்பெனியின் பெயரிலேயே பம்பாய் இருந்ததால், கல்யாணமாகித் தாராவிக்கு வரும்போது ஏற்கெனவே தெரிந்த ஊருக்குப் போகிற மாதிரிதான் இருந்தது என்பார். தாராவியில் திருநெல்வேலிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. பெரியப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். அதற்கு முன்னால் 19 வருஷம் பெரியம்மா வாழ்ந்தது, தமிழ்நாட்டின் மிக நல்ல மழைக்காடுகளில் ஒன்றின் மடியில். அந்த 19 வருஷத்தில் ஒரு மரத்தின் உச்சியைக்கூடக் கண்ணுக்கு நேராகப் பார்த்ததில்லை. அதைப் பார்க்க மும்பைக்கு வந்து, எழுபது வயதில், 25 ரூபாய் டிக்கெட் எடுக்கவேண்டியிருந்தது.

இந்தப் பாதை எங்கிருந்து கிளம்பி இந்தக் குன்றுக்கு வந்து சேர்ந்தது என்று நான் தேட ஆரம்பித்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

மழைக்காட்டைப் பல மாடிக் கட்டடத்தோடு ஒப்பிடுவது வழக்கம். மும்பைக்காரனுக்கு அது சட்டென்று புரியும். பூ, பழம், தேன், சண்டை, கல்யாணம் எல்லாம் மேல் மாடியில். உச்சியில் விழும் வெயிலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் தரைவரை வரும். கீழே குடியிருப்பவனுக்கு மேலிருந்து விழுவது மட்டுமே கிடைக்கும். காட்டைப் படித்தவர்களும் வெகுகாலம் கீழ்வீட்டுக்காரர்களாகத்தான் இருந்தார்கள். மேலே இருப்பதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, மரத்தை வெட்டிச் சாய்ப்பது. அல்லது சுட்டு விழவைப்பது.

1929-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு தென்னமெரிக்காவில் அன்றைய பிரிட்டிஷ் கயானாவுக்குப் போனது. தலைவர் ஹிங்ஸ்டன். இந்திய மருத்துவப் பணியில் இருந்த டாக்டர், 1924 எவரெஸ்ட் பயணத்தின் மருத்துவர், பூச்சிப் பைத்தியம். கிளைகளுக்கு மேலே கயிற்றை அனுப்பி, கப்பி மாட்டி, கிணற்றில் வாளி இறைப்பது போல ஆளை நாற்காலியில் உட்காரவைத்து இழுத்தார்கள். மேலே போனால் ஒரு மரத்தைப் பார்க்கலாம். பக்கத்து மரத்துக்குப் போக வழியில்லை. இறங்கி, மறுபடி முதலிலிருந்து ஏறவேண்டும்.

ஏறுவது பெரிய விஷயமில்லை. நம் மலைகளில் தேன் எடுப்பவர்கள் எப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். மூங்கிலின் கணுக்களையே படியாக விட்டுச் செதுக்கிய கண்ணேணி பழைய சாமான். சங்கப் பாட்டில் அதற்கு 'மால்பு' என்று பெயர். தினைப்புனத்தில் கிளி ஓட்டும் பெண் உட்கார்ந்த பரணுக்கு 'இதணம்'. (இந்தியில் அந்தப் பரணை 'மச்சான்' என்பார்கள். தாராவியில் வளர்ந்த ஒருவன் காட்டுக்குச் சுற்றுலா போய், "மேலே மச்சானில் உட்காருங்கள்" என்று வனக்காவலர் சொன்னதும் யாருடைய மச்சான் என்று தேடிய கதை எங்கள் வட்டாரத்தில் உண்டு.) ஆக, ஏற ஏணி இருந்தது, உட்காரப் பரண் இருந்தது. மேலேயே நடந்து அடுத்த மரத்துக்குப் போக ஒரு தெரு மட்டும் இல்லை.

அந்தத் தெருவைப் போட்டவர்கள் கிருமி ஆராய்ச்சிக்காரர்கள். மலேசியாவில், கோலாலம்பூருக்குப் பக்கத்தில் புக்கிட் லஞ்ஜான் என்ற குன்று. இல்லார் மூல் என்ற அமெரிக்கர், பறக்கும் அணில்களில் ஊறியவர். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இயங்கிய அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவில் அவருக்கு வேலை. காட்டு எலி, அணில் உடம்பில் ஒட்டும் உண்ணிகளும், அவை பரப்பும் காய்ச்சல்களும்தான் அந்த இடத்தின் கவலை. மரத்தில் எந்த உயரத்தில் எந்தப் பிராணி இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒருநாள் ஏறிப் பார்த்தால் போதாது. தினமும் பொறி வைக்க வேண்டும், தினமும் போய் எடுக்க வேண்டும். மூலும் மலேசிய விலங்கியலாளர் லிம் பூ லியாட்டும் கண்ட வழி இது: கட்டடச் சாமான் கடையில் கிடைக்கிற அலுமினிய ஏணிகளை எடுத்தார்கள். ஒன்றின் முனையில் இன்னொன்றாகக் கிடையாகப் படுக்கவைத்தார்கள். இருபுறமும் கயிற்றில் தொங்கவிட்டு, படிகளின்மேல் பலகை விரித்தார்கள். 1970-ல் 'சயன்ஸ்' இதழில் இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார்கள்.

எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போகவே மனம் வருவதில்லை. ஏணி என்றால் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? அதைப் படுக்கவைத்ததும் அது பாலமாகிவிட்டது. உலகம் முழுக்க இன்று பள்ளிக் குழந்தைகள் வரிசையாக நடக்கும் காட்டு உச்சிப் பாலங்களில் கணிசமானவை இந்த எலிப்பொறிப் பாதையின் வாரிசுகள். 1992-ல் கோலாலம்பூரை ஒட்டிய கெப்போங்கில், மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பாலம் வந்தது. 1995-ல் ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் மழைக்காட்டில் தொங்கவிட்ட ஏழு பாலங்களில் மூலின் கையே உண்டு. அங்கே உயரம் 40 மீட்டர் வரை போகிறது. அந்தக் காட்டின் பெயரைத் தமிழில் எழுதினால் 'காக்கும்' என்றே வருகிறது. நான் இட்டுக்கட்டவில்லை.

இந்த வகைப் பாலத்துக்குத் தூண் கிடையாது, மரமே தூண். ஆணி அடித்தால் மரத்துக்குக் காயம், காயத்தில் பூஞ்சை. அதனால் தண்டைச் சுற்றி மரக்கட்டைகளை அண்டை கொடுத்து, அதன்மேல் கம்பியைச் சுற்றுவார்கள். மரம் பருக்கப் பருக்கக் கட்டைக் கழற்றித் தளர்த்திக் கட்ட வேண்டும். விட்டுவிட்டால் கம்பி பட்டைக்குள் அமிழ்ந்து, மரத்தின் கழுத்தை நெரிக்கும். காற்றடித்தால் இந்த மரம் ஒருபக்கம் ஆடும், அந்த மரம் இன்னொருபக்கம் ஆடும், நடுவில் நீங்கள். பாலம் கட்டுவதோடு வேலை முடிவதில்லை, ஒரு மரத்தைக் கவனித்துக்கொள்ளும் வேலை ஆயுசுக்கும் ஆரம்பிக்கிறது. இது சரியான ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, பராமரிப்பு டெண்டர் விடுகிறவர்களுக்கு அப்படித் தோன்றாது.

இடையில் உச்சிக்கு மதிப்பு ஏறியிருந்தது. பனாமாவில் டெர்ரி எர்வின் ஒரே சாதியைச் சேர்ந்த 19 மரங்களின் உச்சியில் பூச்சிமருந்துப் புகையடித்து, கீழே விழுந்ததைப் பொறுக்கினார். வண்டுகள் மட்டும் ஆயிரத்துச் சொச்சம் வகை. அதை வைத்து 1982-ல், வெப்பமண்டலக் காடுகளில் பூச்சி முதலான கணுக்காலியினங்களே 3 கோடி இருக்கலாம் என்று கணக்குப் போட்டார். பிற்பாடு வந்தவர்கள் அதை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் எல்லாருடைய பார்வையும் தரையிலிருந்து மேலே போனது அந்த எண்ணால்தான்.

நம் பக்கம் உச்சிக்குப் போனவர்கள் பெரியம்மாவின் சொந்த ஊருக்கே போனார்கள். பெங்களூரின் 'ஏட்ரீ' ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டி. கணேஷ், எம். சௌபத்ரா தேவி இருவரும் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தில், காக்காச்சியை ஒட்டிய காட்டில் பல வருஷங்கள் மர உச்சியைப் படித்தார்கள். இந்தியாவில் உச்சி ஆராய்ச்சி என்றால் அவர்கள் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். பாலம் எல்லாம் இல்லை, கயிறுதான். இந்தத் தொழிலில் கயிறேற்றும் முறையைக் கேட்டால் நம்மூர்ப் பையன்கள் நாங்களும் வருகிறோம் என்பார்கள்: தூண்டில் நரம்பின் முனையில் ஒரு குண்டைக் கட்டி, உண்டிவில்லால் நல்ல கிளை பார்த்து அடிக்க வேண்டும். நரம்பு கிளையைத் தாண்டி மறுபக்கம் விழுந்ததும் அதில் சன்னக் கயிறு, சன்னக் கயிற்றில் தடிக் கயிறு. பிறகு இடுப்பில் வார் பூட்டி, கயிற்றைக் கவ்வும் பிடிகளை ஒன்று மாற்றி ஒன்று நகர்த்தி, புழு மாதிரி மேலே போவது.

அவர்கள் கூர்ந்து பார்த்த மரங்களில் ஒன்று வெடிபலா. பழம் பலா மாதிரி முள்ளோடு இருக்கும், முற்றினால் வெடிக்கும். பூவுக்கு இதழ் இல்லை. காய்ந்த மஞ்சள் நிறத்தில் தடித்த குழல்கள், கிளை முழுக்க அப்பிக்கொண்டு பூக்கும். இந்தப் பூவைத் தேடி வருவது வண்டும் தேனீயும் மட்டுமில்லை. பகலில் சோலைமந்தி, கருமந்தி, மலையணில்; இருட்டியதும் வௌவால், மரநாய். பூவைத் தின்று நாசம் செய்வதாகத் தோன்றும் இந்தக் கூட்டத்தில் யார் மகரந்தத்தைச் சுமக்கிறார்கள், யார் தின்றுவிட்டு மட்டும் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. அதற்குப் பூவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், இரவிலும் இருக்க வேண்டும், அசையாமல் இருக்க வேண்டும்.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது அவருக்கு மரம் பிடிபடவில்லை. பூவைச் சொன்னதும் பிடிபட்டது. "அது கீழ கெடக்கும்லா! செருப்புக்கு அடியில சவுக்கு சவுக்குன்னு மிதிபடும். கொரங்கு பாதி தின்னுட்டுப் போடும். அதைப் பாத்தா மேல மந்தி இருக்குன்னு அர்த்தம், அண்ணாந்து பாக்கக் கூடாது, மேல பெய்யும்."

தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில் பள்ளிக்கூடம் போகும் ஒற்றையடிப் பாதையில், மேலிருந்து விழுந்ததை வைத்தே மேலே நடப்பதைத் தெரிந்துகொண்டிருக்கிறார். முழுப் பூ விழுந்தால் காற்று, கடித்தது விழுந்தால் குரங்கு, கொட்டை மட்டும் விழுந்தால் இருவாச்சி. ஆராய்ச்சிக்காரர்களும் மரத்தடியில் வலை விரித்து, வாராவாரம் விழுந்ததை எண்ணுவார்கள். பெரியம்மாவுக்கு வலை தேவைப்படவில்லை, அட்டைக்குப் பயந்து கீழேயே பார்த்து நடந்ததால்.

காக்காச்சிக்கு வடக்கே வால்பாறையில் இந்தப் பாதைக்கு வேறொரு பிறவி வாய்த்தது. புதுத்தோட்டம் பகுதியில் காட்டைத் துண்டாக்கிப் போகும் சாலையில் சோலைமந்திகள் அடிபட்டுச் செத்தன. வனத்துறையும் இயற்கைப் பாதுகாப்பு ஆய்வாளர்களும் சாலைக்கு மேலே, இந்தப் பக்க மரத்திலிருந்து அந்தப் பக்க மரத்துக்குத் தொங்குபாலம் கட்டினார்கள். குரங்குகள் கொஞ்ச நாள் சந்தேகமாகப் பார்த்தன, பிறகு குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கின. உச்சிப் பாலங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செல்ஃபி கிடையாது.

மும்பைக்கு வந்த பாதை சிங்கப்பூர் வழியாக வந்தது. 2004 நவம்பரில் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் திறந்த 'ட்ரீடாப் வாக்', 250 மீட்டர் நீளத் தொங்குபாலம். இங்கே மரம் தூண் இல்லை. இரண்டு குன்றுகளின் உச்சியை இரும்பு வடம் இணைக்கிறது, நடுவில் காடு 25 மீட்டர் கீழே போய்விடுகிறது. ஒருவழிப் பாதை, திரும்பி நடக்க முடியாது. பாலத்தைத் தொடவே காட்டுக்குள் சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். டிக்கெட் இல்லை, நடைதான் டிக்கெட். சோம்பேறிகளை வடிகட்ட இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியவில்லை.

அதே 2004-ல் மும்பையை ஷாங்காய் ஆக்கப்போகிறோம் என்று பேச்சு கிளம்பியது ஞாபகம் இருக்கலாம். ஷாங்காய் வரவில்லை. 2008-ல் பாந்த்ரா கிழக்கில் முதல் ஸ்கைவாக் வந்தது, பிறகு ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வந்தது. கீழே நடைபாதை காணாமல் போனதால் மேலே நடக்கப் பழகிய ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், மரத்துக்கு மேல் ஒரு ஸ்கைவாக் என்றால் யாரும் திகைக்கவில்லை. யோசனை ஓர் ஆட்சியில் பிறந்தது, ரிப்பன் வெட்டியது இன்னோர் ஆட்சி. நடுவில் யார் பெற்ற பிள்ளை என்ற சண்டையும் ஒழுங்காக நடந்தது. மும்பை மாநகராட்சி 2025 மார்ச் 30, குடி பட்வா அன்று திறந்தது. 485 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். காலை 5 முதல் இரவு 9 வரை. ஒருமணி நேரத்துக்கு ஒரு தொகுதியாக 200 பேர். இந்தியர்களுக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 100. முன்பதிவு ஆன்லைனில், வாசலில் போனைக் காட்டினால் கறுப்புக் கட்டத்தை ஸ்கேன் செய்து உள்ளே விடுகிறார்கள். "மரத்தப் பாக்கவும் ஓ.டி.பி.யா" என்று பெரியம்மா கேட்டது பின்னாலிருந்த தமிழ்க் குடும்பத்துக்குக் கேட்டுவிட்டது, மாதுங்காக்காரர்கள், அவர்களும் சிரித்தார்கள்.

இடம் கமலா நேரு பூங்காவின் பின்சரிவு. சிரி ரோடு ஓரம் நுழைந்தால் தரை மட்டத்தில்தான் இருக்கிறோம். பலகைப் பாதை மட்டமாகவே போகிறது. குன்றுதான் கீழே இறங்கிக்கொண்டு போகிறது. பத்து நிமிஷத்தில், ஒரு படி ஏறாமல், குல்மொஹரின் தோளுக்கு வந்துவிடுகிறோம். அங்கங்கே ஒரு கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு போகிறது, குக்குறுவான் எங்கோ இருந்து தாமிரப் பாத்திரம் தட்டுகிறது, இலை விலகினால் சௌபாட்டி கடற்கரை. இந்தத் தந்திரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலின் 108 படியைப் பெரியம்மா ஏறி ஏழெட்டு வருஷமாகிறது. கீழே நின்றே கும்பிட்டுவிட்டு வருகிறார். தொங்குபாலத்திலோ கயிற்றிலோ அவரை ஏற்ற முடியுமா? ஆய்வாளரின் கயிற்றிலிருந்து மாநகராட்சியின் பலகைக்கு வரும்போது இந்தப் பாதை எதையெதையோ தொலைத்திருக்கிறது. கூடவே, வலிக்கும் முழங்கால்களையும் தள்ளுவண்டிக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

தொலைத்தது என்ன என்றும் சொல்லிவிட வேண்டும். இது மழைக்காடு இல்லை. மும்பையில் மழைக்குக் குறைவா என்று கேட்கலாம். வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944. ஆனால் எல்லாம் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும். மீதி எட்டு மாசம் வானம் மூடிய கடை. மரங்கள் இலையை உதிர்த்துச் சிக்கனம் பார்க்க வேண்டியதுதான். காக்காச்சியில் தென்மேற்குப் பருவமும் பெய்யும், அது போனதும் வடகிழக்கும் பெய்யும். வறண்ட மாசங்கள் கொஞ்சம்தான், அதனால் இலையுதிர்க்க அவசியமில்லை, அதனால் உச்சி எப்போதும் மூடியே இருக்கும், அதனால் தரை எப்போதும் இருட்டு. மழையின் அளவைவிட அது வாரத்துக்கு வாரம் வருகிறதா என்பதுதான் மழைக்காட்டுக்குக் கணக்கு. மலபார் ஹில்லில் குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. மாதுங்கா தெருக்களுக்குக் குடை பிடிக்கும் தூங்குமூஞ்சி அமெரிக்காவிலிருந்து. நடுவில் நாவல் மட்டும் ஊர்க்காரர். நானும் பெரியம்மாவும் இதைப் பற்றிக் குறை சொல்லக்கூடிய இடத்தில் இல்லை.

நேரமும் தொலைந்திருக்கிறது. ஒருமணி நேரத்தில் 485 மீட்டர் நடக்கலாம், திரும்பியும் வரலாம். ஒரு மரத்தின் முன்னால் ஒருமணி நேரம் நிற்க முடியாது, பின்னால் வருகிறவர் இடிப்பார். நாலு கிளை தள்ளி ஒரு பறவை வந்து உட்காரும்வரை சும்மா இருக்கும் வேலையை இந்தப் பாதை யாருக்கும் கற்றுத்தருவதாகத் தெரியவில்லை. கண்ணாடித் தளம் நம்மைக் கீழே பார்க்கவைக்கிறது. நாவலின் மண்டை கண்ணுக்கு நேரே, ஒரு கை தூரத்தில் இருக்கிறது. 200 பேரில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அன்று ஒருவர்தான், அதுவும் கண்ணாடிக்குப் பயந்து.

இந்தக் குன்றில் மரம் மிஞ்சியதற்கே காரணம் வேறு. பக்கத்தில் தொங்கும் தோட்டம். அந்தப் புல்வெளிக்கு அடியில் தென்மும்பைக்குத் தண்ணீர் தரும் நீர்த்தேக்கம், 1880களில் கட்டியது. 2023-ல் அதை இடித்துப் புதிதாகக் கட்ட மாநகராட்சி திட்டம் போட்டபோது 389 மரங்கள் பாதிக்கப்படும் என்று தெரிந்து குடியிருப்பவர்கள் திரண்டார்கள். நிபுணர்கள் வந்து பார்த்தார்கள், திட்டம் கிடப்புக்குப் போனது. அடுத்த மேட்டில் பார்சிகளின் துங்கர்வாடி, ஐம்பது ஏக்கருக்கு மேல் காடு, இறந்தவர்களைக் கழுகுகளுக்கு வைக்கும் அமைதிக் கோபுரங்களுக்காகக் காத்துவைத்தது. ஒருகாலத்தில் இந்த உச்சிகளுக்கு மேல் பாறு கழுகுகள் சுற்றும். மாட்டு வைத்தியத்தில் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து அவற்றை நாடு முழுக்க அழித்தது. 2006-ல் அந்த மருந்துக்குத் தடை வந்தபோது சுற்றுவதற்குக் கழுகு இல்லை. சிங்கப்பூர் பாலம் நிற்பதும் நீர்த்தேக்கத்துக்காக விட்டுவைத்த காட்டில். காக்காச்சியின் ஓடைகள் இறங்குவது மணிமுத்தாறு அணைக்கு. காட்டைக் காட்டுக்காக விட்டுவைத்த ஓர் இடத்தைக்கூட இந்தப் பாதை மிதித்த மாதிரி தெரியவில்லை.

இதை நான் சொன்னபோது பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஏன், நம்ம குப்பைமேடு?"

அவர் சொன்னது தாராவி பஸ் டெப்போவுக்கு எதிரே, மித்தி ஆற்றங்கரையில் இருக்கும் மகாராஷ்டிரா நேச்சர் பார்க். பெரியம்மா மும்பைக்கு வந்த புதிதில் அது ஊர்க் குப்பை கொட்டுகிற மேடு. மேற்குக் காற்றடித்தால் சோறு இறங்காது என்பார். குப்பைமேல் மண் போட்டு, 1980களில் செடி வைக்கத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் நட்டவர்களில் பறவையியலாளர் சலீம் அலியும் ஒருவர். 37 ஏக்கர். 1994-ல் உலகப் புவி நாளன்று திறந்தபோது அது காடு. என் அண்ணனைப் பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே கூட்டிப்போனார்கள். மரத்துக்கு மரம் பெயர் சொல்லி, இலையைக் கசக்கி மோந்து பார்க்கச் சொன்னார்களாம். அங்கே உச்சிப்பாதை இல்லை, தரையில்தான் நடக்க வேண்டும். உச்சியைக் காட்டுகிற பாதையை அங்கே அமைத்திருந்தால் என்ன என்று எனக்கு ஓர் ஆசை. குப்பையிலிருந்து எழுந்த காட்டுக்கு மேலே நின்று, ஒருபக்கம் தாராவிக் கூரைகளையும் மறுபக்கம் பாந்த்ரா–குர்லா கண்ணாடிக் கட்டடங்களையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ஆறு மணித் தொகுதி முடிந்ததற்கு விசில் ஊதினார்கள். திரும்பும் வழியில் பெரியம்மா பலகைமேல் குனிந்தார். ஒரு நாவல் பழம், பாதி. விரலில் உருட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கிளி கடிச்சா கொத்துன மாதிரி கூராக் கெடக்கும். இது சப்பிப் போட்டது. நேத்து ராத்திரி வவ்வாலு வந்திருக்கு."

வாசலில் காவலர் என்ன கிடைத்தது என்று இந்தியில் கேட்டார். பெரியம்மா ஐம்பது வருஷ தாராவி இந்தியில், வௌவாலின் எச்சில் என்று சொன்னார். எச்சிலுக்கு அங்கே 'ஜூட்டா', செருப்புக்கு 'ஜூத்தா'. பெரியம்மா வாயில் இரண்டும் ஒன்றுதான். கையில் வேறு இன்னும் மாட்டாத செருப்பு. காவலர் தலையாட்டிவிட்டு, ஜூத்தா அந்தப் பக்கம் என்று கமலா நேரு பூங்காவில் குழந்தைகள் ஏறி விளையாடும் பூட் ஹவுஸைக் கைகாட்டினார்.

"என்னல சொல்லுதான்?"

"பூட்ஸ் மாதிரி ஒரு வீடு இருக்கு பெரியம்மா. ஏறலாமாம்."

"அதுக்கும் டிக்கெட்டா?" என்றார் பெரியம்மா.

இல்லை என்றேன். பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, செருப்பைக் கீழே போட்டு மாட்டினார்.